இரண்டு நிறக் கமாண்டர் எடுக்கும் முன்: எந்தக் குறையோடு உங்களால் குடித்தனம் நடத்த முடியும்?

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் நான் முதன்முதலில் கட்டிய இரண்டு நிறக் கமாண்டர் டெக்குக்குத் தலைவர் நிவ்-மிஸெட், பருன். எடுத்த காரணம் படம். டிராகன், மின்னல், திமிரான முகம், அவ்வளவுதான். கார்டின் மூலையில், அதை இறக்க ஆகும் விலையாக, மூன்று நீல மானாவும் மூன்று சிவப்பு மானாவும் வரிசையாக நின்றன. பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன், பார்த்தேன், ஆறு மானாதானே என்று விட்டுவிட்டேன். மானா தரும் கார்டுகளான லேண்டுகளில், டேப் ஆகி, அதாவது இறங்கிய டர்னில் பயன்படாமல், வரும் மலிவு ரகம் எட்டு, மற்றதெல்லாம் சாதாரண மலையும் தீவும். எட்டாவது டர்னில் என் முன்னால் மலைகள் மலையாகக் குவிந்து கிடக்க, மூன்றாவது நீல மானாவுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக இறக்கினேன். ஒரு சுற்று முடிவதற்குள் பக்கத்தில் இருந்தவர் ஒரே ஒரு வெள்ளை மானா செலவழித்து ஸ்வார்ட்ஸ் டு பிளவ்ஷேர்ஸ் போட்டு அதை அகற்றினார். திரும்ப இறக்க எட்டு மானா. அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

கமாண்டர் ஆட்டம் தெரியாமல் இங்கே வந்திருந்தால், நான்கே வரியில் சொல்லிவிடுகிறேன். நூறு கார்டு டெக், கமாண்டரும் அந்த நூறில் அடக்கம், சாதாரண லேண்டுகளைத் தவிர எந்தக் கார்டும் இரண்டு பிரதி கூடாது. பெரும்பாலும் நான்கு பேர் ஆடுவோம், ஆளுக்கு 40 உயிர். கமாண்டர் ஒரு லெஜண்டரி கிரீச்சர், அதாவது உங்களுக்காகச் சண்டை போடும், தனிப் பெயர் கொண்ட ஆள், அது உங்கள் கைக்கு வராமல் தனியாகக் கமாண்ட் சோனில் உட்கார்ந்திருக்கும், செத்தாலும் அங்கே திரும்பலாம், ஆனால் அங்கிருந்து ஒவ்வொரு முறை திரும்ப இறக்கும்போதும் இரண்டு மானா கூடிக்கொண்டே போகும். ஒரே கமாண்டர் உங்களை மொத்தம் 21 அடி அடித்துவிட்டால் எத்தனை உயிர் மிச்சமிருந்தாலும் நீங்கள் காலி.

டெக்கில் என்னென்ன நிறம் போடலாம் என்பதையும் கமாண்டர்தான் முடிவு செய்கிறது. இதைக் கலர் ஐடென்டிட்டி என்பார்கள். கார்டின் விலையில் இருக்கும் மானாக் குறி மட்டும் கணக்கில் வராது, கீழே எழுத்துக்குள் இருக்கும் குறியும் சேரும். இங்கே நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். அலேஷா என்ற கமாண்டரின் விலையில் சிவப்பு மட்டும்தான் இருக்கும், கீழே உள்ள திறனில் பாதி வெள்ளை பாதி கருப்புக் குறி இருப்பதால் அது மூன்று நிறக் கமாண்டர். பச்சையும் வெள்ளையும் கலந்த ஒரே ஒரு மானாவுக்கு இறங்கும் ரிஸ் தி ரிடீம்டு இரண்டு நிறக் கமாண்டர். பார்ட்னர் என்று எழுதியிருக்கும் இரண்டு ஒற்றை நிறக் கமாண்டர்களைச் சேர்த்தும் இரண்டு நிறம் பண்ணலாம், 2020ல் வந்த கமாண்டர் லெஜண்ட்ஸ் தொகுப்பில் அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். அது வேறு கதை, இங்கே ஒற்றைக் கமாண்டரை மட்டும் பார்ப்போம்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், எல்டர் டிராகன் ஹைலேண்டர் என்ற பெயரில் அலாஸ்காவில் தொடங்கிய இந்த ஆட்டத்துக்கு முதல் தலைவர்கள் 1994ல் லெஜண்ட்ஸ் தொகுப்பில் வந்த ஐந்து டிராகன்கள். ஐந்துமே மூன்று நிறம். இன்றைக்கும் புதிதாக வருகிறவர்கள் நிறம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்றே நினைக்கிறார்கள். மூன்று நிறத்தில் எல்லாம் கிடைக்கும், உண்மைதான். லேண்டுக்கே பாதிச் சம்பளம் போகும், அதுவும் உண்மை. இரண்டு நிறம் மலிவு, சீராக ஓடும், ஆனால் ஏதோ ஒன்று கட்டாயம் இல்லாமல் போகும். அதனால் எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்பதற்கு முன், எது இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடிக்காது என்று கேளுங்கள். நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

குறையைத் தேர்ந்தெடுங்கள்

ஐந்து நிறத்தில் பத்து ஜோடி. மேசையில் எல்லோரும் இவற்றை டிமீர், கோல்காரி, போரோஸ் என்று பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள், 2005ல் தொடங்கிய ராவ்னிக்கா தொகுப்புகளில் வந்த பத்துக் கில்டுகளின் பெயர்கள் அவை. பெயர் மனப்பாடம் ஆக ஒரு மாதம் ஆகும், கவலைப்பட வேண்டாம்.

கருப்பும் சிவப்பும் எடுத்தால் கிரீச்சர்களைக் கொல்வதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் எதிரில் ஒருவர் ரிஸ்டிக் ஸ்டடி என்ற என்சான்ட்மென்டை (களத்திலேயே தங்கும் மந்திரம்) வைத்துவிட்டால், நீங்கள் போடும் ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் "ஒரு மானா கட்டுறியா, நான் கார்டு எடுக்கவா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார், நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், ஏனென்றால் என்சான்ட்மென்டை உடைக்க இந்த ஜோடியிடம் கேயாஸ் வார்ப், ஃபீட் தி ஸ்வார்ம் என்று விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வழி.

நீலமும் பச்சையும் நேர் எதிர். கார்டு கொட்டும், லேண்ட் கொட்டும். எதிரியின் கிரீச்சரைக் கொல்லச் சொன்னால் மட்டும் தடுமாறும், பீஸ்ட் விதின், பாங்கிஃபை மாதிரி பதிலுக்கு ஒரு 3/3 கிரீச்சரை (3 அடிக்கும், 3 அடி வாங்கினால் சாகும்) கொடுத்துவிட்டுத்தான் கொல்லும். இந்த ஜோடிக்கு இன்னொரு குறை உண்டு, அதை யாரும் கார்டில் எழுத மாட்டார்கள். உங்கள் டர்ன் நீண்டுகொண்டே போகும். மற்ற மூவரும் டீ குடித்துவிட்டு வந்தாலும் நீங்கள் இன்னும் லேண்ட் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சிவப்பும் வெள்ளையும் வைத்து ஆடுபவர்கள் பல வருடமாக ஒரே புலம்பல்தான்: கையில் கார்டு தீர்ந்துவிடுகிறது. இதை ஒரு கணக்கோடு பாருங்கள். எதிரில் மூன்று பேர், ஆளுக்கு 40, மொத்தம் 120 உயிர். இருவர் ஆடும் ஆட்டத்தில் 20 உயிரை வேகமாக அடித்து முடித்துப் பழகியவர் இங்கே வந்து அதே மாதிரி பாய்ந்தால், முதல் ஆளை வீழ்த்துவதற்குள் கை காலி. மீதி இருவரும் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

வெள்ளையும் கருப்பும் எதை வேண்டுமானாலும் உடைக்கும், ஆனால் மானா வேகமாகச் சேர்க்க ஆர்ட்டிஃபாக்ட் என்ற கருவிக் கார்டுகளை நம்ப வேண்டும். நீலமும் சிவப்பும் ஒரு என்சான்ட்மென்ட் களத்தில் இறங்கும் முன்பே தடுக்கவில்லையென்றால் அப்புறம் அதோடு வாழ வேண்டியதுதான். பச்சையும் சிவப்பும் கார்டு எடுக்கப் பெரிய கிரீச்சர் ஒன்று உயிரோடு இருக்க வேண்டும். மீதி ஜோடிகளை நீங்களே யோசித்துப் பாருங்கள், இதே மாதிரி ஒரு ஓட்டை கிடைக்கும்.

ஓட்டையை அடைக்கிற கமாண்டரா?

ஜோடி முடிவானதும் அந்த நிறத்தில் இருக்கும் லெஜண்டரி கிரீச்சர்களைத் தேடுங்கள். ஸ்க்ரைஃபால் தளத்தில் நிறத்தை வைத்து வடிகட்டலாம். நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும், தலை சுற்றும். அப்போது நான் முதலில் பார்ப்பது, அந்த ஜோடியின் குறையைக் கமாண்டரே தன் கையால் அடைக்கிறதா என்பதுதான். கமாண்டர் ஒன்றுதான் எல்லா ஆட்டத்திலும் கட்டாயம் உங்களிடம் இருக்கும் கார்டு. மற்ற 99ம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.

ஃபெதர் தி ரிடீம்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019ல் வந்தது, ஒரு சிவப்பு, இரண்டு வெள்ளை, பறக்கும் 3/4. உங்கள் கிரீச்சர் மேல் நீங்கள் போடும் இன்ஸ்டன்ட், சோர்சரி என்ற ஒருமுறை மந்திரங்கள் எல்லாம் கிரேவ்யார்டுக்கு, அதாவது ஆடி முடிந்த கார்டுகளின் குவியலுக்கு, போகாமல் ஒதுங்கி நின்று, அந்த டர்ன் முடியும்போது கைக்கே திரும்பி வரும். டிஃபையன்ட் ஸ்டிரைக் என்று ஒரு சில்லறை இன்ஸ்டன்ட் உண்டு, ஒரு வெள்ளை மானா, கிரீச்சருக்கு +1 தந்து ஒரு கார்டு எடுக்க விடும். ஃபெதர் களத்தில் இருந்தால் இதை உங்கள் டர்னிலும் போடலாம், மற்ற மூவர் டர்னிலும் போடலாம், ஒவ்வொரு முறையும் கைக்கு வரும். நான்கு மானா செலவில் ஒரு சுற்றுக்கு நான்கு கார்டு. கை காலியாகும் நிறம் என்ற பேச்சே அடிபட்டுப் போகிறது.

கருப்பு சிவப்பில் ப்ராஸ்பர், டோம்-பவுண்டும் அப்படித்தான். நான்கு மானா. உங்கள் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் டெக்கின் மேல் கார்டை எடுத்து வெளியே வைக்கும், அடுத்த டர்ன் முடிவதற்குள் அதை ஆடலாம், அப்படி வெளியிலிருந்து ஆடும் ஒவ்வொரு கார்டுக்கும், ஒரு மானாவாக மாற்றிக்கொள்ளும் டிரெஷர் டோக்கன் ஒன்று தரும். கார்டும் வருகிறது, மானாவும் வருகிறது, இரண்டும் ஒரே ஆளிடம். என்சான்ட்மென்ட் பிரச்சினையை அது தீர்க்காது, சரி, ஆனால் உடைக்கக்கூடிய அந்த இரண்டு மூன்று கார்டு கைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. 2021ல் பிளேனர் போர்ட்டல் என்ற தயார் டெக்கின் தலைவராக வந்தது, முதல் முறை ஆடுபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

எல்லாக் கமாண்டரும் ஓட்டையை அடைப்பதில்லை. சில கமாண்டர்கள் ஏற்கெனவே இருக்கும் பலத்தையே இன்னும் ஊதிப் பெரிதாக்கும். நீலம் பச்சையில் ஏசி என்று ஒரு பெரிய கடல் பாம்பு உண்டு, பெயரைத் தமிழில் எழுதினால் குளிர்சாதனப் பெட்டிதான் ஞாபகம் வருகிறது, ஒவ்வொரு டர்னும் கூடுதலாக ஒரு லேண்ட், லேண்ட் இறங்கும்போதெல்லாம் ஒரு கார்டு. ஆறு மானா. அதே வேலையைச் சற்றுச் சின்னதாகச் செய்யும் டட்யோவா ஐந்து மானாதான், 2018ல் டொமினேரியா தொகுப்பில் அன்காமனாக வந்ததால் விலையும் பெரிதாக இருக்காது. இந்த மாதிரிக் கமாண்டர் எடுத்தால் தப்பில்லை, ஆனால் 99க்குள் ரிமூவல், அதாவது எதிரியின் கார்டை அகற்றும் கார்டு, வைக்க வேண்டிய பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். எட்டு, பத்து இடம் அதற்கே போகும்.

செத்த பிறகு என்ன மிஞ்சும்?

புதியவர்கள் கார்டைப் படிக்கும்போது அது பத்து டர்ன் களத்தில் இருக்கப் போவதாக நினைத்துக்கொண்டு படிக்கிறார்கள். மேசையில் மூன்று பேர் அதைக் கொல்லக் காத்திருக்கிறார்கள். அதனால் இப்படிப் படியுங்கள்: இது இறங்கி, ஒரு சுற்று முடிவதற்குள் செத்துவிட்டது. எனக்கு என்ன கிடைத்தது?

மெரென் ஆஃப் கிளான் நெல் டோத்தை எனக்குப் பிடித்ததே இதனால்தான். கருப்பு பச்சை, நான்கு மானா, கமாண்டர் 2015ல் வந்தது. உங்கள் வேறு கிரீச்சர் சாகும்போதெல்லாம் உங்களுக்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் கவுண்டர் சேரும். உங்கள் டர்ன் முடிவில் கிரேவ்யார்டிலிருந்து ஒரு கிரீச்சரைத் தேர்ந்தெடுக்கலாம், அதன் விலை உங்கள் கவுண்டர் எண்ணிக்கைக்குள் இருந்தால் நேராகக் களத்துக்கு வரும், இல்லாவிட்டால் கைக்கு. கவனியுங்கள், கவுண்டர் மெரென் மேல் இல்லை, உங்கள் மேல் இருக்கிறது. அவளைக் கொன்றாலும் சேர்த்தது போகாது. ஆறு மானா கட்டித் திரும்ப இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சகுரா-டிரைப் எல்டரைப் பலி கொடுத்து லேண்ட் எடுப்பது, திரும்பக் கொண்டுவருவது, மறுபடி பலி, மறுபடி லேண்ட் என்று சுற்றினால் போதும், பச்சைக்குச் சாவு ஒரு வருமானம். ஸ்போர் ஃப்ராக் என்ற தவளையை வைத்து சுற்றுக்கு ஒரு முறை சண்டை அடியையே நிறுத்தலாம், ஆனால் அதை இரண்டு ஆட்டத்துக்கு மேல் செய்தால் நண்பர்கள் குறைவார்கள். போஜுக்கா பாக் மாதிரி கிரேவ்யார்டைத் துடைக்கும் லேண்ட் எதிரியிடம் இருந்தால் மெரென் அழ வேண்டியதுதான், அது வேறு.

நீலம் கருப்பில் யுரிக்கோ இன்னும் கில்லாடி. கமாண்டர் நின்ஜுட்சு என்று ஒரு திறன், தடுக்கப்படாமல் போன ஒரு கிரீச்சரைக் கைக்கு எடுத்துக்கொண்டு இரண்டு மானாவுக்கு அவளைக் களத்தில் நுழைக்கலாம், கமாண்ட் சோனிலிருந்தே. அது ஸ்பெல்லாகப் போடுவதில் சேராது, அதனால் கூடுதல் மானாக் கணக்கும் கிடையாது. எத்தனை முறை கொன்றாலும் அதே இரண்டு மானா. இதனாலேயே யுரிக்கோவை மேசையில் வைத்தவுடன் மூன்று பேரும் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஆடத் தொடங்கும் முன்பே. பலமான கமாண்டருக்கு இது ஒரு மறைமுக விலை. எதிரிகளின் ஸ்பெல்லுக்கெல்லாம் ஒரு மானா கூட்டும் கிராண்ட் ஆர்பிட்டர் அகஸ்டின் மாதிரி ஆட்களை எடுத்தால் அந்தப் பார்வை இன்னும் கடுமையாக இருக்கும், முதலில் சாவது நீங்கள்தான். 2025 பிப்ரவரியில் இந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய, டெக்குகளைப் பலம் பார்த்துப் பிரிக்கும் ஐந்து பிராக்கெட் முறை இந்தப் பேச்சைக் கொஞ்சம் எளிதாக்கியிருக்கிறது, எந்தப் பிராக்கெட் என்று முதலிலேயே சொல்லிவிட்டு உட்காருங்கள்.

மானாக் கணக்கு

நாலு பேர் ஆட்டத்தில் முதல் டர்னிலேயே எல்லோரும் கார்டு எடுப்பார்கள். தொடக்கக் கையில் ஏழு, டர்னுக்கு ஒன்று என நான்காவது டர்னில் நீங்கள் பார்த்திருப்பது 11 கார்டு. 99ல் 37 லேண்ட் வைத்தால் அதில் சராசரியாக நான்குக்குச் சற்றே அதிகமான லேண்ட் இருக்கும். அதனால் நான்கு மானாக் கமாண்டர் எந்த உதவியும் இல்லாமல் நேரத்துக்கு வரும், ஆறு மானாக் கமாண்டருக்கு சோல் ரிங், ஆர்கேன் சிக்னெட் மாதிரி கூடுதல் மானா தரும் பத்து உதவியாளர்களாவது வேண்டும். முதல் கமாண்டர் என்றால் நான்குக்கு மேல் போகாதீர்கள். எட்டு மானா கட்டி இரண்டாம் முறை இறக்குவது பேச்சுக்குத்தான் நன்றாக இருக்கும், என்னைக் கேளுங்கள்.

எண்ணிக்கையோடு நிறக்குறியையும் பாருங்கள். ஃபெதருக்கு இரண்டு வெள்ளை ஒரு சிவப்பு, அப்போது சமவெளி கூடுதலாகவும் மலை குறைவாகவும் வைக்க வேண்டும். ப்ராஸ்பர் ஒரு கருப்பு ஒரு சிவப்பு மட்டும் கேட்பார், மீதி இரண்டு எதுவாகவும் இருக்கலாம், கஞ்சத்தனமான லேண்டோடும் ஒத்துப்போவார். நிவ்-மிஸெட் மாதிரி மூன்றும் மூன்றும் கேட்பவருக்கு நல்ல லேண்ட் இல்லாமல் கல்யாணம் பேசவே கூடாது. இரண்டு நிறம் தரும் லேண்டுகளில், எதிரிகள் இருவரோ அதற்கு மேலோ இருந்தால் டேப் ஆகாமல் வரும் வகை ஒன்று உண்டு, ஐந்து ஜோடிக்கு 2018ல் பேட்டில்பாண்டிலும் மீதி ஐந்துக்கு 2020ல் கமாண்டர் லெஜண்ட்ஸிலும் வந்தன. ஒரு உயிர் வாங்கிக்கொண்டு நிறம் தரும் பெயின் லேண்டுகளையும் எடுங்கள், 40 உயிரை வைத்துக்கொண்டு ஒன்றுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். கமாண்டரின் எந்த நிறத்தையும் தரும் கமாண்ட் டவரைச் சொல்லவே வேண்டாம்.

வாங்கும் முன் ஒரு சின்னப் பரீட்சை

ஒரு தாளை எடுத்து, எந்தத் தளத்தையும் பார்க்காமல், இந்தக் கமாண்டரோடு நன்றாகச் சேரும் என்று உங்களுக்குத் தோன்றும் கார்டுகளை எழுதுங்கள். கால் மணி நேரத்தில் இருபதைத் தாண்டவில்லையென்றால் அந்தக் கமாண்டர் மேல் உங்களுக்கு இன்னும் பிடிப்பு வரவில்லை. அப்புறம் அந்தத் தாளிலேயே நிறம் பிரித்து எண்ணுங்கள். இது முக்கியம். நான் ஒருமுறை செனகோஸ் டெக் கட்டினேன், சண்டை தொடங்கும்போது ஒரு கிரீச்சரின் பலத்தை இரட்டிப்பாக்கி உடனே பாய விடும் சாமி அவர், எண்ணிப் பார்த்தால் சிவப்புக் கார்டு மொத்தமே பதினொன்று. மீதியெல்லாம் பச்சை. அந்தப் பதினொன்றுக்காக மலைகளைச் சுமந்துகொண்டிருந்தேன். இரண்டாவது நிறம் பதினைந்து கார்டுக்கும் கீழே போனால் ஒற்றை நிறக் கமாண்டரைத் தேடுங்கள், அல்லது வேறு ஜோடிக்குப் போங்கள்.

எப்படி ஜெயிக்கப் போகிறீர்கள் என்பதையும் அந்தத் தாளின் ஓரத்தில் எண்ணாகப் போட்டுப் பாருங்கள். வெள்ளை கருப்பில் டெய்சா கார்லோவ் இருந்தால் கிரீச்சர் சாவதால் நடக்கும் விளைவுகள் இரண்டு முறை நடக்கும். ஸுலபோர்ட் கட்த்ரோட்டும் கூட இருந்தால் உங்கள் கிரீச்சர் ஒன்று செத்தாலே மூன்று எதிரிகளும் ஆளுக்கு இரண்டு உயிர் இழப்பார்கள், மொத்தம் ஆறு. 120ஐ ஆறால் வகுத்தால் இருபது சாவு. சின்னச் சின்ன டோக்கன் கிரீச்சர் கூட்டத்தை வைத்திருக்கும் டெக்குக்கு இருபது சாவு பெரிய விஷயம் இல்லை. இப்படி ஒரு கணக்கு உங்கள் கமாண்டருக்கும் வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் மற்றவர்கள் ஜெயிப்பதைப் பார்க்கத்தான் போகிறீர்கள்.

இவ்வளவும் தேறினால், கார்டு வாங்காமல், வெள்ளைத் தாளில் பெயர் எழுதிப் பழைய கார்டுகளின் உறைக்குள் செருகி நான்கு ஆட்டம் ஆடுங்கள். கூட ஆடுபவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் கமாண்டர் எத்தனையாவது டர்னில் இறங்கியது, எத்தனை முறை செத்தது, கடைசியில் கையில் தேங்கி நின்ற கார்டு எது, இவ்வளவு மட்டும் குறித்துவையுங்கள்.

நான்கு ஆட்டத்திலும் சலிப்பாக இருந்தால் டெக்கைக் கலைக்காதீர்கள். நிவ்-மிஸெட்டில் நான் செய்த இரண்டாவது தப்பு அதுதான், 99ஐயும் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். அதே 99க்குள் அதே இரண்டு நிறத்தில் இன்னொரு லெஜண்டரி கிரீச்சர் அநேகமாக ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கித் தலைமைக்கு வைத்து, பழையவரை 99க்குள் தள்ளுங்கள். நிறம் மாறவில்லை, லேண்ட் அப்படியே இருக்கும், பதினைந்து இருபது கார்டு மாற்றினால் புது டெக். என் நீலச் சிவப்பு டெக்கை இப்போது நடத்துவது மூன்று மானாவுக்கு இறங்கும் வெய்ரன். நிவ்-மிஸெட் 99க்குள் ஒருவராக இருக்கிறார். கைக்கு வந்தால் இறக்குவேன், வராவிட்டால் தேடுவதில்லை.